பெயின்ட் வாசனை, திரிந்த தேங்காய்ப்பால், பூஞ்சை பிடித்த திராட்சை: ரம் பற்றி வாசகர் கேள்விகள்

ரம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேக் பழம் ஊறவைப்பது பற்றியவை. மீதியில் சுவை, கலவை, லேபிள் கணக்கு என்று எல்லாமும் இருந்தன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். இந்தப் பகுதி 21 வயது நிறைந்தவர்களுக்கு. வண்டி ஓட்ட வேண்டியவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் தொல்லை உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு இங்கே சொல்லும் எந்த அளவும் பொருந்தாது. ஸ்மால் என்றால் 30 மி.லி., லார்ஜ் என்றால் 60 மி.லி.

மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஜமைக்கா ரம் ஒன்று வாங்கி வந்தார். திறந்ததும் பெயின்ட் தின்னர் வாசனை தூக்கி அடிக்கிறது. கெட்டுப்போயிற்றா? கொட்டிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கொட்டிவிடாதீர்கள். அந்த வாசனைக்காகத்தான் அதை அப்படிக் காய்ச்சுகிறார்கள்.

சாதாரண வெள்ளை ரம்முக்குக் கரும்புப் பாகுக் கழிவை, அதாவது மொலாசஸை, ஒன்றிரண்டு நாள் புளிக்க வைத்தால் போதும். ஜமைக்காவின் கனமான ரம்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் திறந்த மரத்தொட்டிகளில் புளிக்க விடுகிறார்கள். ஈஸ்ட்டோடு பாக்டீரியாவும் வேலை செய்து அமிலங்களை உண்டாக்குகிறது. போன முறை வடித்து முடித்தபின் பானையில் தங்கிய புளித்த தண்ணீரை, அவர்கள் ‘டண்டர்’ என்பதை, அடுத்த ஊறலிலும் சேர்ப்பதுண்டு. நம் வீட்டில் பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் விடுவதைப் போன்ற காரியம்தான். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் பிறக்கும். பழுத்து ஓரம் கருத்த வாழைப்பழம், அன்னாசி, பலாச்சுளை, நெயில் பாலிஷ் எல்லாவற்றின் வாசனையும் எஸ்டர்களால் வருவதே. செம்புப் பானையில் வடிப்பதால் அவை பெரும்பாலும் ரம்மோடு கூடவே வந்துவிடுகின்றன.

எஸ்டரை 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு இத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். ஜமைக்காவின் ஹாம்ப்டன் வடிசாலையில் ‘டி.ஓ.கே.’ என்று முத்திரையிட்ட ரம் 1,500 கிராமைத் தாண்டும். அதை அப்படியே குடிப்பதற்கென்று உண்டாக்கவில்லை. வேறு ரம்களில் கொஞ்சமாகக் கலக்கவும் மிட்டாய்க்கு வாசனை சேர்க்கவும் அனுப்பிவைத்தார்கள்.

ஆகவே உங்கள் பாட்டிலைப் பெருங்காயம் மாதிரி நடத்துங்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்தால் முகம் சுளிக்கும். எண்ணெயில் ஒரு சிட்டிகை விழுந்தால் சாம்பாரே எழுந்து நிற்கும். 45 மி.லி. சாதாரண வெள்ளை ரம்மோடு இதில் 15 மி.லி. கலந்து, கீழே சொல்லும் டைக்கிரி என்ற கலவையைச் செய்து பாருங்கள். தனியாகக் குடிப்பதென்றால் 20 மி.லி. ஊற்றி, ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் திறந்தே வையுங்கள். தின்னர் வாடை மேலே ஏறிப் போய்விடும், பழ வாசனை அடியில் நிற்கும். லேபிளில் ஆல்கஹால் அளவையும் பாருங்கள். ஜமைக்காவின் புகழ்பெற்ற வெள்ளை ஓவர்புரூஃப் ரம் 63 சதவீதம். அதில் ஒரு லார்ஜ் ஊற்றுவது நம் ஊர் ரம்மில் ஏறக்குறைய 90 மி.லி. ஊற்றுவதற்குச் சமம்.

இந்த ரம்முக்கென்றே அந்தத் தீவில் ஒரு வாய்ப்பாடு உண்டு: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, காரம் மூன்று, மெலிவு நான்கு. எலுமிச்சைச் சாறு 15 மி.லி., சர்க்கரைப் பாகு 30, ரம் 45, தண்ணீரும் நொறுக்கிய ஐஸும் 60. மேலே ஜாதிக்காயை லேசாகத் துருவிவிட்டால் பிளாண்டர்ஸ் பஞ்ச். எங்களுக்கு அந்த இனிப்பு திகட்டுகிறது. சாறு 20, பாகு 20 என்று மாற்றினால் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். ‘பஞ்ச்’ என்ற சொல்லே ஐந்து பொருள் என்ற கணக்கில் நம் நாட்டு ‘பஞ்ச’த்திலிருந்து போனது என்பதுதான் பரவலான விளக்கம்.

விஸ்கியை முகர்ந்து, ருசித்து, குறிப்பெழுதுகிறார்கள். ரம்மில் அப்படிச் செய்ய முயன்றால் எனக்கு மூக்குதான் எரிகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகர், மதுரை

மூக்கைக் கிளாஸுக்குள் விடுவதுதான் தப்பு. வாய் குறுகி, வயிறு அகன்ற சின்னக் கிளாஸில் 20 மி.லி. ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹால் ஆவி மூக்கில் மட்டும் போய்க் குத்தாது. அடுத்து உதட்டு உயரம். விளிம்பு வரை வந்தால் போதும், அதற்குள்ளே போகத் தேவையில்லை.

முதல் மடக்கைத் தீர்ப்பில் சேர்க்க வேண்டாம். நாக்கு ஆல்கஹாலுக்குப் பழகுவதற்கு அது. அரை டீஸ்பூன் போதும், வாய் முழுக்கச் சுழற்றி விழுங்குங்கள். அரை நிமிடம் கழித்து இரண்டாவது மடக்கில்தான் ருசி தெரியும். விழுங்கியதும் மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடுங்கள். வெனிலா, வறுத்த வேர்க்கடலை, கரும்புச் சாறு, புகையிலை, காய்ந்த திராட்சை என்று பிரித்துச் சொல்ல வருவது அந்த மூச்சில்தான்.

அடுத்து தண்ணீர். 42.8 சதவீத ரம் 20 மி.லி.யில் அரை டீஸ்பூன் (2.5 மி.லி.) தண்ணீர் விட்டால் 38 சதவீதமாகும், ஒரு டீஸ்பூன் விட்டால் 34. எரிச்சல் குறையக் குறைய அடங்கியிருந்த வாசனை மேலே வரும். சில ரம்கள் அந்த இடத்தில் வெறுமையாகத் தட்டையாகிப் போகும். அப்படியானால் அதில் வாசனையைவிட இனிப்பும் சூடும்தான் இருந்தது என்று கண்டுகொள்ளலாம். ஐஸ் போட்டு ருசி பார்க்காதீர்கள், குளிரில் வாசனை எழாது.

நம் வீடுகளுக்கான எச்சரிக்கை ஒன்று. மிளகாய்க் காரம் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் இதைச் செய்யக் கூடாது. காரமும் ஆல்கஹாலும் வாயில் ஒரே இடத்தைத்தான் சுடும், எது எதனால் என்று தெரியாது. அறையில் ஊதுவத்தி, மல்லிகைப் பூ, வெற்றிலை வேண்டாம். இரண்டு ரம்களுக்கு நடுவே நாக்கைத் துடைக்க உப்பில்லாத பொரியும் ஆறிய வெந்நீரும் போதும். ரொட்டித் துண்டைவிடப் பொரி நல்லது, அதற்கென்று வாசனை கிடையாது.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் கற்க முடியாது. நாலு பேர் சேர்ந்து மூன்று ரம்மை 15 மி.லி. வீதம் அருகருகே வையுங்கள். மெல்லிய ஸ்பானிய பாணி வெள்ளை ரம், பார்படாஸின் மரப்பீப்பாயில் இருந்த ரம், கடைசியில் ஜமைக்கா. வரிசையை மாற்றி ஜமைக்காவை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் தண்ணீராகத் தெரியும். நான்காவதாகச் சேர்க்க முடிந்தால் மார்டினிக் தீவின் ‘ரம் அக்ரிகோல்’. மொலாசஸில் காய்ச்சாமல் புதுக் கரும்புச் சாற்றிலேயே காய்ச்சுவது. ஆலைக்கு முன்னால் நின்றால் வரும் பச்சைக் கரும்பு வாசனை அதில் அப்படியே இருக்கும். 1996 முதல் அதற்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பிடச் சான்று உண்டு.

லேபிளில் 42.8% என்றும் 75 டிகிரி புரூஃப் என்றும் இரண்டும் போட்டிருக்கிறது. எது சரி?
– வாசகர், ஈரோடு

இரண்டும் ஒன்றுதான். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 57.1 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் 100 டிகிரி புரூஃப். அதில் முக்கால் பங்கு 42.8. அமெரிக்கக் கணக்கு வேறு, அங்கே சதவீதத்தை இரண்டால் பெருக்குவார்கள். அமெரிக்க பாட்டிலில் 80 புரூஃப் என்றால் 40 சதவீதம்தான், நம்முடையதைவிடக் குறைவு.

கறுப்பாக இருந்தால் வருடக்கணக்கில் பீப்பாயில் இருந்த ரம், வெள்ளையாக இருந்தால் புதுசு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு பெரும்பாலும் கருக்கிய சர்க்கரை. ஒருநாள்கூடப் பீப்பாயில் இல்லாத ரம்மையும் அதைக் கொண்டு கறுப்பாக்கலாம். மறுபக்கம், கியூப பாணி வெள்ளை ரம்களில் பல பீப்பாயில் இருந்தபின் கரி வழியாக வடிகட்டி நிறம் நீக்கப்பட்டவை.

பாட்டிலின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணையும் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். ஜமைக்கா, பார்படாஸ் ரம்மில் ‘12 வருடம்’ என்றிருந்தால் கலவையில் மிக இளையதற்கே 12 வயது. பழைய ரம் இருக்கும் பீப்பாயில் புது ரம்மைச் சேர்த்துச் சேர்த்துக் கலக்கும் ‘சொலேரா’ முறையில் செய்தவற்றில் அந்த எண் கலவையின் மிக மூத்த துளியைக் குறிக்கலாம். வெப்பநாட்டுப் பீப்பாயில் ரம் வேகமாக ஆவியாகும். ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் போனால் கரீபியனில் 6, 8 என்று போகும். 20 வருடத்துக்கு மேல் அங்கே அப்படியே வைத்திருந்தால் பீப்பாயில் கொஞ்சந்தான் மிஞ்சும், மிஞ்சியதும் மரக்கசப்பு ஏறியிருக்கும்.

சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க எளிய வழி: உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுக் காயும் வரை தேயுங்கள். பிசுபிசுத்தால் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரம் என்ற பெயரில் விற்க லிட்டருக்கு 20 கிராம்தான் உச்சவரம்பு. சேர்ப்பது குற்றமில்லை. ஆனால் அந்த ரம்மைக் கலவையில் பயன்படுத்தும்போது பாகைக் குறைத்தாக வேண்டும், அதற்காகத்தான் தெரிந்துகொள்ளச் சொல்கிறோம்.

ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றே பொருள்தான் டைக்கிரி என்கிறார்கள். நாலைந்து முறை செய்துவிட்டேன். ஒருநாள் புளிக்கிறது, ஒருநாள் தண்ணீர், ஒருநாள் கசப்பு. சரியான அளவைச் சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

மூன்றே பொருள் என்பதால்தான் எதையும் மறைக்க முடியவில்லை. கியூபாவில் சாந்தியாகோ நகருக்கு அருகே டைக்கிரி என்ற ஊரின் இரும்புச் சுரங்கத்தில், 1898 வாக்கில் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கலந்தது என்பது வழங்கிவரும் வரலாறு. பழம் சேர்த்து ஐஸ்கிரீம் போல் அடித்துத் தரும் டைக்கிரிகள் எல்லாம் பின்னால் வந்தவை.

முதலில் பாகு. 100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர், கரையும் வரை மட்டும் சூடு. கம்பிப் பதம் பக்கமே போகக் கூடாது, போனால் ஒவ்வொரு முறையும் இனிப்பு மாறும். சுமார் 160 மி.லி. கிடைக்கும். ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும். சூடாக ஊற்றினால் ஐஸ் கரைந்துவிடும், குளிர்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அளவு: வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 22, பாகு 22. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். மருந்து பாட்டிலோடு வரும் மி.லி. கோடு போட்ட மூடி இதற்கு நன்றாகப் பயன்படும். நம் ஊர் நாட்டு எலுமிச்சை இதற்கு மிகப் பொருத்தம், ஒரு நடுத்தரப் பழம் 15 முதல் 20 மி.லி. தரும். ‘அரைப் பழம்’, ‘ஒரு பழம்’ என்று சொல்லும் குறிப்புகளால்தான் உங்களுக்கு ஒருநாள் புளித்திருக்கிறது.

கசப்பு இரண்டு வழியில் வருகிறது. தோலோடு நசுக்கி மிச்சமில்லாமல் பிழிந்தால் வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கும். காலையில் பிழிந்து வைத்த சாற்றை ராத்திரி எடுத்தாலும் வரும். நாலைந்து மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

தண்ணீராவதற்குக் காரணம் ஐஸ். வெளியே எடுத்து வைத்துப் பளபளவென்று ஈரம் கோத்த ஐஸில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு, விரலில் ஒட்டுகிற பதத்தில், ஷேக்கரை முக்கால் பங்கு நிரப்புங்கள். ஐஸைக் குறைத்தால் நீர்த்துப் போகாது என்று நினைப்பது தவறு. குறைவான ஐஸ் குளிர்விக்கத் திணறி வேகமாகக் கரையும். ஷேக்கர் இல்லையென்றால் ஜிம் போகிறவர்கள் வைத்திருக்கும் புரோட்டீன் ஷேக்கர் போதும், உள்ளே இருக்கும் கம்பிப் பந்தை எடுத்துவிடுங்கள். கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், ஐஸ் மோதி உடையும்.

12 முதல் 15 வினாடி பலமாகக் குலுக்குங்கள். ஸ்டீல் பாத்திரமானால் வெளியே பனி படர்ந்து விரல் கடுக்கும், அதுதான் பதம். ஃபிரிட்ஜில் குளிர்ந்த சின்னக் கிளாஸில் டீ வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். ஐஸ் துணுக்கு நிற்கும். மூன்றும் சேர்ந்து 104 மி.லி. ஊற்றினீர்கள். கிளாஸில் 135 மி.லி. பக்கம் வந்திருக்க வேண்டும். அந்த 30 மி.லி. தண்ணீர் கலவையின் நாலாவது பொருள். அது குறைந்தால் புளிப்பும் ஆல்கஹாலும் முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கிளாஸ் 19 சதவீதம் இருக்கும். சர்பத் போல் இறங்குவதால் ஏமாந்துவிடாதீர்கள், உள்ளே ஒரு முழு லார்ஜ் இருக்கிறது.

முதல் மடக்கில் புளித்தால் பாகு 3 மி.லி. கூட்டுங்கள். சாற்றைக் குறைக்காதீர்கள், வாசனை அதில்தான். கறுப்பு ரம்மில் செய்தால் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரைப் பாகு பொருந்தும். கல், மண் போக மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

கோலா கலந்தால் இனிப்பு திகட்டுகிறது. வேறு வழி?
– வாசகர், சேலம்

200 மி.லி. கோலாவில் 21 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன். அதைக் கட்டுப்படுத்தாமல் ரம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. 60 மி.லி. ரம்முக்கு 100 மி.லி. கோலா, 50 மி.லி. சோடா, 10 மி.லி. எலுமிச்சைச் சாறு. பிழிந்த தோலைக் கிளாஸ் மேல் முறுக்கி, அந்த எண்ணெய் தெறித்து விழும்படி செய்து உள்ளே போடுங்கள். ஓல்ட் மங்க் போன்ற வெனிலா தூக்கலான ரம் என்றால் கோலாவே வேண்டாம். இஞ்சி தட்டிப் பிழிந்த சாறு 5 மி.லி., எலுமிச்சை 10, பாகு 10, மீதி சோடா. சோடாவைக் கடைசியில் ஓரமாக ஊற்றி ஒரே ஒருமுறை கிளறுங்கள்.

ரம்மும் அன்னாசியும் தேங்காயும் சேரும் பீனா கொலாடா செய்யத் தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றினேன். மேலே வெள்ளை வெள்ளையாகத் திரிந்து, எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தது. அன்னாசியின் புளிப்பா காரணம்?
– வாசகி, தஞ்சாவூர்

புளிப்புக்கும் பங்குண்டு, பெரிய குற்றவாளி குளிர்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழியில் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். முதல் பாலில் கொழுப்பு அதிகம். ஐஸ் பட்டதும் அது குருணை குருணையாக உறைந்து பிரிந்துவிடுகிறது. போர்ட்டோ ரீக்கோவில் டின்னில் விற்கும் இனிப்புத் தேங்காய் கிரீமைப் பயன்படுத்துகிறார்கள். கொழுப்பு பிரியாமலிருக்க அதில் பொருள் சேர்த்திருக்கும். அதன் தலைநகர் சான் ஹுவானின் கரீபே ஹில்டன் ஓட்டலில் 1954-ல் பீனா கொலாடா பிறந்தது என்று அந்த ஓட்டல் சொல்கிறது, உரிமை கொண்டாடுகிற வேறு கடைகளும் அதே ஊரில் உண்டு. 1978-ல் அந்தத் தீவு இதைத் தன் அதிகாரப்பூர்வ பானமாக அறிவித்தது.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். தண்ணீர் தெளித்து எடுத்த கெட்டி முதல் பால் 200 மி.லி., சர்க்கரை 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சிறுதீயில் சர்க்கரை கரையும் வரை கிளறுங்கள். கொதி வந்தால் பாயசத்தில் திரிவது போலவே திரியும், ஆவி கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். சர்க்கரைப் பாகு கொழுப்புத் துளிகளைப் பிரித்துப் பிடித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் நாலு நாள். மறுநாள் மேலே கெட்டியாகப் படிந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் வைத்துக் குலுக்கினால் சரியாகிவிடும்.

ஒருவருக்கு ரம் 60 மி.லி., இந்தத் தேங்காய்ப் பாகு 45, அன்னாசிச் சாறு 90, எலுமிச்சை 10, நொறுக்கிய ஐஸ் ஒரு கப். ஐஸ் தவிர மற்றதை மிக்ஸியில் முதலில் அடித்து, பிறகு ஐஸ் சேர்த்து 15 வினாடி. உடனே குடிக்க வேண்டும். வேகவைக்காத அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் இருப்பதால் கலந்து வைத்தால் கசக்கத் தொடங்கும். விருந்துக்கு முன்கூட்டியே செய்வதென்றால் சாற்றை ஒரு கொதி விட்டு ஆற வையுங்கள். வாசனை கொஞ்சம் போகும், கசப்பு வராது.

கேக்குக்குப் பழங்களை ரம்மில் இரண்டு மாதம் ஊறவைத்தேன். மேலே பூஞ்சை. வெளியிலிருந்து ஈரம் போயிருக்காது, ஸ்பூன்கூடக் காய்ந்ததுதான். ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

ரம் போதவில்லை. உலர்பழம் முதல் வாரத்திலேயே ரம்மை உறிஞ்சி உப்பும். மேல் அடுக்கு திரவத்துக்கு வெளியே வந்துவிடும். கழுவிய திராட்சையில் தங்கிய ஈரமும் ஆரஞ்சுச் சாறு கலக்கும் வழக்கமும் ரம்மின் வீரியத்தைக் குறைத்துவிடும். இரண்டு மாத ஊறலில் சாறு சேர்க்கவே கூடாது.

திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்து 500 கிராமுக்குக் கறுப்பு ரம் 200 மி.லி. திராட்சையைக் கழுவினால் துணியில் பரப்பி ஒருநாள் நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, முதல் வாரம் தினமும் ஜாடியைக் கவிழ்த்து வையுங்கள். எட்டாம் நாள் திறந்து பாருங்கள். மேலே பளபளவென்று ஈரம் தெரியவில்லையென்றால் இன்னொரு 50 மி.லி. முந்திரியை இதில் போடாதீர்கள், நமுத்துப்போகும். பூஞ்சை வந்ததை மேலே வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

நாள் இல்லாதவர்களுக்கு: 150 மி.லி. ரம், 100 மி.லி. ஆரஞ்சுச் சாறு. பழத்தையும் சாற்றையும் மட்டும் சிறுதீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு ரம்மை ஊற்றி மூடிவிடுங்கள். எரியும் அடுப்பின் மேல் ஊற்றாதீர்கள். 40 சதவீத ஆல்கஹாலின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பற்றும், நம் சமையலறை எப்போதும் அதற்கு மேல்தான். ஒரு ராத்திரி மூடியிருந்தால் போதும்.

மாவில் சேர்க்கும்போது பழத்தை வடிகட்டி இரண்டு டேபிள்ஸ்பூன் மைதாவில் புரட்டுங்கள். ஈரப்பழம் வழுக்கி அடியில் மூழ்கும். வடித்த ரம்மைக் கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிரஷ்ஷால் தடவலாம்.

குழந்தைகளுக்குத் தரலாமா என்று ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். வெந்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது உண்மையில்லை. ஒரு மணி நேரம் வெந்த பிறகும் சுமார் கால் பங்கு தங்கும். மேலே தடவியது அப்படியே இருக்கும். அவர்களுக்கு ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழத்தில் தனியாக ஒரு கேக் போடுங்கள். மது தொடாத விருந்தாளிகளிடமும் சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்ட வேண்டும்.

சளிக்கு ரம்மில் மிளகுத்தூள் போட்டுக் குடித்தால் கேட்குமா?
– வாசகர், ஊட்டி

கேட்காது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு ஏறியது போலிருக்கும். உண்மையில் உடம்பின் சூடு வெளியே போகிறது. பாராசிட்டமாலோ தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தோ எடுத்திருந்தால் கட்டாயம் வேண்டாம். மிளகு ரசம் வையுங்கள்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் இருக்கும்?
– வாசகர், வேலூர்

கெடாது, ஆனால் வாசனை போகும். பாதிக்கு மேல் காலியானால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது, அல்லது சின்ன பாட்டிலுக்கு மாற்றி நிரப்பி வையுங்கள். கார்க் மூடியென்றால் நிற்க வைக்க வேண்டும், படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். கண்ணாடிக்குள் ரம்முக்கு வயது ஏறாது.

எங்கள் சொந்தக்காரர்கள் ரீயூனியன் தீவில் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பழம் ஊறிய ரம் தருவார்கள், ‘ரம் அராஞ்சே’ என்று பெயர். அதை இங்கே செய்ய முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

தாராளமாக. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் 1848 டிசம்பர் 20-ல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழியினரை இன்றும் அங்கே ‘மலபார்’ என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் வெட்டிய கரும்பில் வந்த ரம் இது. கூடவே சேரும் வெனிலாவும் அந்தத் தீவுக்குக் கடன்பட்டது. வெனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைக்கும் எளிய முறையை 1841-ல் கண்டுபிடித்தவர் அங்கே அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவர் எட்மண்ட் அல்பியுஸ். ஒரு சின்னக் குச்சியும் கட்டைவிரலும்தான் கருவி. இன்றும் தோட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அங்கே 49 சதவீத வெள்ளை ரம்மில் ஊறவைப்பார்கள். நமக்குக் கிடைப்பது 42.8. அதனால் பழத்தை அளவோடு போட வேண்டும். 750 மி.லி. ரம்மில் ஆல்கஹால் மட்டும் 321 மி.லி. அதில் 250 கிராம் அன்னாசி போட்டால் பழத்தின் நீர் கலந்து மொத்தம் 32 சதவீதத்துக்கு இறங்கும். அது பாதுகாப்பான இடம். ஆசைப்பட்டு ஒரு கிலோ பழத்தை அடைத்தால் 20 சதவீதத்தை நெருங்கி, கெட்டுப்போகும் ஆபத்து கூடும்.

நன்கு பழுத்த அன்னாசி 250 கிராம், பெரிய துண்டுகளாக. சின்னதாக நறுக்கினால் கரைந்து கலங்கிவிடும். வெனிலாக் காய் ஒன்று, நீளவாக்கில் கீறியது. நாட்டுச் சர்க்கரை 50 கிராம். இஞ்சி மூன்று வில்லை. பட்டை விரல் நீளம் ஒன்று. பட்டையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏழாம் நாள் இழுத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். கிராம்பு போட ஆசையிருந்தால் ஒன்றே ஒன்று. எலுமிச்சை, ஆரஞ்சு சேர்ப்பதென்றால் மேல்தோலை மட்டும் சீவிப் போடுங்கள், வெள்ளைப் பகுதி ஒட்டியிருந்தால் கசக்கும்.

அகன்ற வாய் ஜாடியில், பழம் முழுக்க ரம்மில் மூழ்கியிருக்க வேண்டும். மிதந்து வெளியே தெரியும் துண்டு கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். கொதித்து ஆற வைத்த வெந்நீரில் கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை மேலே வைத்து அழுத்திவிடலாம். வெயில் படாத இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை மெல்லக் குலுக்குங்கள். மூன்றாம் வாரம் ருசி பார்த்தால் காட்டமாகவும் தனித்தனியாகவும் இருக்கும், அப்போது சர்க்கரையைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டாம் மாதம் முடியும்போது ஒன்று கூடும், மூன்றாம் மாதம் நன்றாக இருக்கும். மூடியைத் திறக்கும்போது சோடா போல ‘உஸ்’ என்று காற்று வந்தால் உள்ளே புளித்துக்கொண்டிருக்கிறது, அதைக் குடிக்க வேண்டாம்.

மெல்லிய துணியில் வடித்து, 30 மி.லி. கிளாஸில், ஐஸ் போடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு. வடித்த அன்னாசித் துண்டில் ரம் நிறைய ஏறியிருக்கும், தட்டில் வைத்தால் பெரியவர்களுக்கு மட்டும். வெனிலாக் காயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் அடுத்த கேக்குக்கு வாசனைச் சர்க்கரை தயார்.